நூற்றுப் பதின்மூன்றாவது பழம்பாட்டு

வெள்ளியம்பாளையத்தில் புதுப்பாட்டு என்று ஒன்று பிறந்ததே கிடையாது. பிறந்ததெல்லாம் பழையதாகவே பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றபடி நீலாவதி ஒரு பாட்டை இயற்றி வாய்விட்டுப் பாடி முடித்தாள் என்றால், அதன் கடைசி எழுத்து அவள் உதட்டை விட்டு இறங்கிய அந்த நொடியிலேயே, வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவளுக்கும் பின்னால் நின்றவளுக்கும், அரிசி எடை போட்டவருக்கும், நாலு தெரு தள்ளித் தறி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கும், ஊர் எல்லையில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கும் அது சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய பாட்டாகிவிடும். அத்தை மடியில் படுத்துக் கேட்டதாக ஒருத்திக்கு நினைவு வரும். கிணறு வெட்டும்போது அப்பா பாடியதாக இன்னொருவருக்கு நினைவு வரும். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோருக்கும் உண்மையாகவே நினைவு இருந்தது, அத்தை கட்டியிருந்த சேலையின் நிறம் உட்பட. இது ஊரில் ஒருவருக்கும் அதிசயமாகப் படவில்லை. அதிசயமாகப் படவேண்டுமானால் பாட்டு புதுசு என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்த ஒரே ஆள் நீலாவதி, அவள் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.

இது அவளுக்கு இருபத்தோரு வயதில் தொடங்கியது. இசைக் கல்லூரியில் கடைசி வருடத் தேர்வில் சொந்தமாக ஒரு பாட்டு இயற்றிப் பாடிக்காட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் அதற்குப் பயந்து ஜுரம் வந்து படுப்பார்கள். நீலாவதி கல்லூரிக்கு வந்ததே அதற்காகத்தான். ஈரோட்டில் தறிச்சாமான் கடை வைத்திருந்த அப்பாவிடம் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து வாங்கிய படிப்பு அது. தேர்வு நாளில் ஜமக்காளத்தின் மேல் மூன்று பரீட்சகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வயசாளிகள். மூன்றாமவர் சீதாபதி, முப்பதைத் தாண்டியவர், காது கூர்மையான ஆள் என்று மாணவிகளுக்குள் பேர். அவள் பல்லவியை எடுத்ததுமே சீதாபதி தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "பேஷ், புதுசா இருக்கே" என்றார். அனுபல்லவியில் மூன்று தலையும் ஆடின. அவள் சரணத்தை முடித்துப் பல்லவிக்குத் திரும்பி நிறுத்தினாள். நிறுத்தியதும் மூன்று தலையும் நின்றன.

"ஏம்மா, இது எங்க வாத்தியார் வீட்டுல வெள்ளிக்கிழமை தவறாம பாடறதாச்சே. இதைப் போய்ச் சொந்தம்ங்கறியே," என்றார் மூத்தவர்.

"நானே பாடம் பண்ணியிருக்கேன்," என்றார் சீதாபதி. ஒரு நிமிடத்துக்கு முன் புதுசு என்று தட்டிய அதே கையால் அதே தொடையில் தாளம் போட்டு, அவள் பாடாத ஒரு சங்கதியையும் சேர்த்துப் பாடிக்காட்டினார்.

பாவம் பார்த்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இரண்டாவது பாட்டைப் பாடினாள், அதுவும் அவர்கள் பாட்டாயிற்று. மூன்றாவதைப் பாடினாள், அதுவும். மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டு வரவில்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள். இவளுக்கு மூன்று பாட்டுத் திருடியதாக எழுதி அப்பாவை வரவழைத்தார்கள். அப்பா ஒன்றும் திட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது, "உனக்கு வராததுக்கு ஏன் கண்ணு பொய் சொன்னே" என்று மட்டும் கேட்டார். அடுத்த தையில் வெள்ளியம்பாளையத்தில் ஆறு விசைத்தறி வைத்திருந்த அங்கமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்.

அங்கமுத்து நல்ல மனுஷன், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆறு தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்ததில் காது பாதி போயிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால் அங்கே நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் கத்தித்தான் சொல்வார்கள். காது மந்தமானவருக்காவது பாட்டு பழசாகாது என்று நீலாவதிக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணமான ஆறாம் மாதம், கரண்ட் போய்த் தறிகள் நின்ற ஒரு மத்தியானம், அவர் காதோரம் உட்கார்ந்து அன்றைக்குத்தான் போட்ட ஒரு பாட்டைப் பாடினாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், பாட்டு முடிந்ததும் சிரிப்பு போய்க் கண் கலங்கியது.

"என்ற அம்மா இதைத்தான் பாடிப் பாடி என்னையத் தூங்க வெப்பா," என்றார்.

நீலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியாருக்குப் பிறந்ததிலிருந்தே பேச்சு கிடையாது. கைச்சாடையிலேயே மூன்று பிள்ளைகளை வளர்த்து, கைச்சாடையிலேயே நூல் வியாபாரிகளோடு சண்டை போட்டு, கையை ஆட்டி விடைபெற்றுக்கொண்டு செத்துப்போன மனுஷி அவள். ஊருக்கே தெரியும், பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா.

"அத்தைக்குத்தான் பேச்சே வராதுங்களே," என்றாள்.

"பேச்சுத்தான் வராது. பாடுவா," என்றார் அங்கமுத்து.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு அது என் பாட்டு என்று சொல்ல நீலாவதிக்கு வாய் வரவில்லை. அம்மாவிடமிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே குரல் அதுதான். அதைப் பிடுங்கி எடுத்து இது ஈரோட்டுக்காரி போட்டது என்று சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும். சொல்லாமல் விழுங்கினாள், ஆனால் நெஞ்சு எரிந்தது, அந்த எரிச்சல் கடைசிவரை போகவில்லை. மகன் பிறந்தபோது, பதினோரு நாள் பிள்ளைக்கு என்ன பழைய நினைப்பு இருக்கப்போகிறது என்று ஆசையாக ஒன்று போட்டுப் பாடினாள். அவன் கேட்டுச் சலித்ததைக் கேட்டவன்போல் ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான்.

இப்படியே வருடத்துக்கு நாலு, ஐந்து என்று பாட்டு வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்றால், தும்மலை எத்தனை நேரம் அடக்கி வைக்க முடியும்? நூலைச் சுமந்துகொண்டு நாடா இப்படியும் அப்படியும் ஓடும்போது எந்தத் தறியில் எந்த இழை அறுந்தது என்று சமையல்கட்டில் இருந்தபடியே சத்தத்தில் சொல்லிவிடும் காது அவளுடையது. அந்தக் காதுக்குள் ஆறு தறியின் ஆறு தாளமும் முட்டி மோதி ஒரு மெட்டாகித் திரும்பி வரும்போது அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை பலிக்கும் என்று நினைத்தாள். ஒரே ஒரு ஆள், விஷயம் தெரிந்த ஆள், கேட்டு முடித்துவிட்டு, "இதை நான் கேட்டதே இல்லை" என்று சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரோ பழம்பாட்டில் கொழித்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டி சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளியம்பாளையத்தில் மாவிளக்கு எடுக்க ஒரு பாட்டு, தறிக்குப் பூசை போட ஒரு பாட்டு, வீடு கட்டிக் காங்கிரீட் போட்ட அன்று கொத்தனாருக்குச் சாப்பாடு போடும்போது பாட ஒரு பாட்டு என்று முன்னோர் வைத்துவிட்டுப் போனதாக வரிசையாக இருந்தன. அந்த முன்னோர் காலத்தில் காங்கிரீட் ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மேலத்தெருவுக்கும் கிழக்குத்தெருவுக்கும் ஒரு பாட்டுக்காகக் கைகலப்பே ஆனது. அது தங்கள் குலசாமிக்குத் தங்கள் பாட்டன் கட்டியது என்று இரண்டு தெருவும் சாதித்தன. சோடா பாட்டில் பறந்தது, மூன்று பேருக்கு மண்டையில் தையல், கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து ஆளுக்கு ஒரு சரணம் என்று பிரித்துக் கொடுத்து சமாதானம் செய்தார்கள். அதை நீலாவதி போட்டது பல்வலியோடு, டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில். இன்னொரு பாட்டைத் தன் தாத்தா அந்த நிலத்தை உழுதுகொண்டே பாடுவார் என்று ஒரு பெரியவர் கோர்ட்டில் கூண்டேறிப் பாடிக்காட்டினார், எதிராளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாங்க, பாடுவாருங்க என்று ஒத்துக்கொண்டதால் நிலம் பெரியவருக்குப் போனது.

அவள் சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். தேதி போட்டு நோட்டில் ஸ்வரம் எழுதி வைத்தாள். பார்த்தவர்கள், பழம்பாட்டெல்லாம் எழுதி வைக்கிறீங்களே, நல்ல காரியமுங்க என்றார்கள். பாட்டைப் பாடிக் கேசட்டில் பதிந்து வைத்தாள். போட்டுக் கேட்டவர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். ஒரு முறை பொறுக்க முடியாமல், பக்கத்து வீட்டில் ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றும் கலாமணியிடம், கைக்குழந்தைக்கு அவள் பாடிக்கொண்டிருந்தது தன் பாட்டுத்தான் என்று சொல்லியேவிட்டாள். கலாமணி ராட்டையை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப தாலாட்டுங்கறதே நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாங்க்கா? அதுக்கு முந்தியெல்லாம் கொளந்தைக தூங்காமயா கெடந்துச்சுக?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் நீலாவதி அன்றிலிருந்து யாரிடமும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அங்கமுத்து ஒரு மாசி மாதம் தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்த பெண்கள் பாடிய ஒப்பாரி, பத்து வருடத்துக்கு முன் அவள் யாரோ ஒருவருக்காகப் போட்டது. தன் புருஷனுக்குத் தன் பாட்டையே அடுத்தவர் வாயால் கேட்டுக்கொண்டு, மூன்றாவது வரியில் அவர்கள் இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் விடுவதையும் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அவர்களைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தது.

பதினாறாம் நாள் தறிகளை நிறுத்தினார்கள். மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான், ஓட்ட ஆள் இல்லை. வீடு நிசப்தமானதும் அவளுக்கு ஒரு பாட்டு வந்தது, அதுவரை வந்த எதையும் போல் இல்லாத பாட்டு. ஒவ்வொரு அடியாகப் பாடிப் பார்த்துக்கொண்டே போனவள் கடைசி வரிக்கு முன்னால் சட்டென்று நின்றாள். பாட்டு வாய்விட்டுப் பாடி முடிந்தால்தானே பழசாகிறது? தேர்வில்கூட நடுவில் சீதாபதி புதுசு என்றுதானே சொன்னார்? இத்தனை வருடம் அந்தச் சின்ன விஷயம் புத்தியில் உறைக்காமல் போனதற்காக அவள் தன் தலையில் தானே ஒரு அடி அடித்துக்கொண்டாள். கடைசி வரி மனதில் தயாராக இருந்தது. அதை அவள் பாடவில்லை. அன்றிலிருந்து இருபது வருடம் அந்தப் பாட்டைக் கடைசி வரி இல்லாமல் வைத்திருந்தாள், வேறு பாட்டும் போடவில்லை. சரியான ஆள் வந்து கேட்டு, அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு பாடி முடிக்கலாம். அப்புறம் அது யார் பாட்டாகப் போனாலும் போகட்டும்.

சரியான ஆள் வந்தார். சீதாபதிதான்.

அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகத் தன் மாணவர்களை டேப் ரெக்கார்டரோடு வெள்ளியம்பாளையத்துக்கு அனுப்பி, வீடு வீடாகப் பாடச் சொல்லிப் பதிந்து, நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளை ஸ்வரத்தோடு ஒரு கனமான புத்தகமாகப் போட்டிருந்தார். அதற்கு வெளியூரில் ஒரு விருதும் கிடைத்திருந்தது. ஊரில் அதற்குப் பாராட்டு விழா, விசைத்தறி உரிமையாளர் சங்கத்துக் கல்யாண மண்டபத்தில். புத்தகத்தை வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். நீலாவதி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். நூற்றுப் பன்னிரண்டும் அவளுடையவை. ஒவ்வொன்றின் தலையிலும் 'இயற்றியவர் பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. பதினேழாவது பாட்டின் அடியில், 'தகவல் தந்தவர்: அங்கமுத்து, தாயாரிடம் கேட்டது' என்று இருந்ததைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு முன்னுரையைப் படித்தாள். 'பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி பழம்பாட்டுகளைத் தன் சொந்தம் என்று பாடித் தேர்வில் பிடிபட்டாள். பேர் தெரியாத முன்னோர் விட்டுப்போன சொத்து இப்படிக் களவு போகக்கூடாதே என்ற பதைப்பில் தொடங்கியதே இந்தத் தேடல்.'

நீலாவதி மெதுவாக எழுந்து முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள்.

விழா ஐந்து மணிக்கு. மூன்று மணிக்கு சீதாபதி மணமகள் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த அறைக் கண்ணாடி நிறைய, போன முகூர்த்தங்களின் மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள்.

"யாரும்மா?" என்றார்.

"ஒரு பாட்டுச் சொல்லலாமுன்னு வந்தனுங்க. உங்க பொஸ்தகத்துல இல்லாதது."

"நூத்திப் பன்னெண்டோட முடிஞ்சுதுன்னுன்னா நெனச்சேன். உக்காருங்கோ, பாடுங்கோ."

"பாடறனுங்க. ஆனா கடைசி வரிய மட்டும் பாட மாட்டேன். அதுக்கு முன்னால நின்னுக்குவேன். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லோணும். இந்தப் பாட்ட இதுக்கு முந்தி கேட்டிருக்கீங்களா, இல்லையான்னு."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க."

அவள் பாடினாள். அறுபத்தாறு வயதுக் குரல், உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது, ஆனால் ஸ்வரம் ஒன்றுகூட நழுவவில்லை. சீதாபதி முதல் அடியிலேயே காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டாம் அடியில் கண்ணை மூடினார். அவர் மேல் எத்தனை ஆத்திரம் இருந்தாலும், இந்த மனுஷனுக்குக் கேட்கத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. தறிச் சத்தத்தை அவள் மெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த இடத்தில் அவர் புருவம் சரியாக உயர்ந்தது. நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு ஆள் அவள் பாட்டை அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் தாங்க முடியாததாக இருந்தது. பாட்டு முடியும் இடத்துக்கு வந்தாள்.

தறி நின்ன வீட்டுக்குள்ள
சத்தம் மட்டும் ஓடுது,
நூலறுந்து போன நாடா...

அங்கே நின்றாள். சீதாபதி கண்ணைத் திறந்தார். கண் ஈரமாக இருந்தது.

"பேஷ்," என்றார். "புதுசா இருக்கே."

"இதுக்கு முந்தி கேட்டிருக்கீங்களாங்?"

"இருங்கோ," என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கை அவர் தொடையில் இறங்கித் தாளம் போட்டது. ஐம்பது வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். மாணவர்கள் மறந்துபோய் நிறுத்திய இடத்திலெல்லாம் எடுத்துக்கொடுத்து எடுத்துக்கொடுத்துப் பழகிய வாய். தாளம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, வரவேண்டிய இடத்தில் வரி இல்லை. இரண்டாவது சுற்று வந்தது, அப்போதும் இல்லை. நீலாவதி "சாமி, வேண்டாமுங்க" என்று வாயைத் திறப்பதற்குள், மூன்றாவது சுற்றில் அவர் வாய் அவரைக் கேட்காமலே, 'நாளும் உன்னத் தேடுது' என்று பாடி ஆதார ஸ்வரத்தில் வந்து சுகமாக உட்கார்ந்தது.

வாய்விட்டுப் பாடி முடிக்க வேண்டும் என்பதுதான் விதி. யார் வாய் என்பதை அவள் இருபது வருடத்தில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

மண்டபத்துச் சமையல்கட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அதே வரியை எடுத்தார்கள், பேச்சுக்கு நடுவே, சர்வ சாதாரணமாக. மேடையில் மைக் செட் போட்டவன் ஹலோ ஹலோ என்பதை நிறுத்திவிட்டு, தறி நின்ன வீட்டுக்குள்ள என்று பாடி ஸ்பீக்கரைச் சோதித்தான். சீதாபதியின் முகத்தில் அந்த ஈரம் வடிந்து, ஒரு அறிந்த சிரிப்பு வந்தது. நீலாவதிக்கு அந்தச் சிரிப்பை நன்றாகத் தெரியும்.

"அட, எங்க அம்மா அரிசி களையறப்போ பாடுவாளே இதை," என்றார். "இத்தனை வருஷத்துல இது எப்படி விட்டுப்போச்சு? ஒரு நிமிஷம் எனக்கே புடிபடலை பாருங்கோ, வயசாயிடுத்து." தன் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை எடுத்து 113 என்று போட்டார். "பேர் சொல்லுங்கோ."

"நீலாவதி."

"வயசு?"

"அறுபத்தாறு."

'தகவல் தந்தவர்: நீலாவதி (66)' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். "யார்கிட்ட கேட்டது?"

நீலாவதி அவரைப் பார்த்தாள். அந்த மாணவி நான்தான் என்று சொல்லலாம் என்று வந்திருந்தாள். திருடி என்ற சொல்லை இன்னொரு தடவை கேட்க இப்போது தெம்பில்லை.

"உங்ககிட்டத்தானுங்க கேட்டேன்," என்றாள்.

பாவம், வயசான அம்மா, எதையோ குழப்பிக்கொள்கிறாள் என்று சீதாபதி சிரித்து, 'முன்னோரிடம்' என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் விழாவில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் அன்பாகச் சொன்னார்.

அவள் இருக்கவில்லை. வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அந்தப் பாட்டுத்தான். டீக்கடையில், தையல் கடையில், மெஷின் நின்று பூட்டிய ஷெட்டுகளின் வாசலில். தறி நின்ற வீடுகள் ஊரில் அதற்குள் முந்நூறுக்கு மேல் ஆகியிருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது பாட்டன் காலத்துப் பாட்டாகி, பாடிக்கொண்டே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சீதாபதி முடித்தபடியே முடித்தார்கள். ஓடுது, தேடுது, பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போடும் எதுகை. இருபது வருடம் அடைகாத்த பாட்டுக்குக் காப்பி ஆறுவதற்குள் ஒரு வால் ஒட்டியாகிவிட்டது, அதை இனி ஒருவராலும் கழற்ற முடியாது.

வீட்டில் ஐந்து தறியைப் பழைய இரும்புக்குப் போட்டது போக ஒரு தறி துருப்பிடித்து நின்றது. நீலாவதி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, இனி எதைக் காப்பாற்ற என்று தோன்றியதும், அந்தப் பாட்டை முதல் அடியிலிருந்து பாடினாள், கடைசி வரியைத் தன் வரியாகவே பாடினாள்.

நூலறுந்து போன நாடா,
நிறுத்த எனக்கு மனசில்ல.

அந்த வரி ஆதார ஸ்வரத்துக்கு இறங்கவில்லை. மேலே ஏறி அங்கேயே நின்றது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கலாமணியின் ராட்டை நின்றது.

"ஏனுங்க்கா," என்று கலாமணி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "தப்பாப் பாடறீங்களே."

"எங்க தப்பு?"

"கடைசீலீங்க. நாளும் உன்னத் தேடுதுன்னுதான வரோணும்? என்ற அம்மா எத்தன தடவ பாடியிருக்குது."

"நான் பாடினது எப்படி இருந்துச்சு, சொல்லு."

கலாமணி முகத்தைச் சுளித்து யோசித்தாள். "மறுக்காப் பாடுங்க, பாக்கலாம்."

நீலாவதி பாடினாள். கலாமணி வாயைத் திறந்தபடி கேட்டாள். கை சுவரின் மேல் தாளம் போட்டது, வரி முடிந்த இடத்தில் எங்கே தட்டுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"என்னமோ போங்க்கா, எனக்குப் புடிக்கல," என்றாள். "மேல போயி அப்படியே நின்னுக்குது. யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது? அந்த வரிய நான் கேட்டதே இல்ல."

நீலாவதி துருப்பிடித்த தறியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னே? மறுக்காச் சொல்லு," என்றாள்.

பாவம், அக்காவுக்கும் காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கலாமணி இரண்டு கையையும் வாயருகே குவித்து, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னாள்.